ஈற்று நோயும் நுகர்வினையும்

உயிர் உடம்பை விட்டு நீங்குங் காலத்து உறும் நோயைக் குறித்துச் சைவருள்ளும் பிழையான கொள்கைகள் இரண்டு வழங்குகின்றன. நெடுநாள் படுக்கையிற் கிடந்து நொந்து இறப்பார் பெரும்பாவம் உடையார் என்பது ஒன்று. அந்நோய் நுகர்ந்தே கழியற்பாலது. ஆகலின், மருந்தால் அதனைத் தணித்தல் வினைக்கு இடையூறாம் என்பது மற்றொன்று. இதற்குச் சான்றாகச் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்துள், பிணி, மூப்பு, சாவு உள்ளிட்ட ஆறும் கருவிலேயே அமைந்தன என்னுஞ் செய்யுளைக் காட்டுவர்.

அச்செய்யுளின் முற்பகுதியைக் கொண்டு பிற்பகுதியை விடுத்தமையே இப்பிழைக்குக் காரணம். முன்செய்த வினை இவ்வாறற்கும் ஏதுவென்ற அருணந்தி சிவாசாரியார், இனிச் செய்யும் வினை மேல்வரும் உடம்பிற் சேருமென்றே முடித்தார். எனவே, நோயுற்றான் நுகர்வது பிராரத்தமாயின், அருகிருந்தும் தண்ணீரும் மருந்தும் கொடாது விடுவான் ஈட்டுவது ஆகாமியமாம். அன்றியும், அவ்வாறனுள் இன்பமும் ஒன்றாக எண்ணப்பட்டது. நோய் வினைப்பயனெனின், அது தணிதலும் வினைப்பயனே. துன்பம் மட்டும் விதி, ஆறுதல் விதிக்குப் புறம்பு எனக் கொள்ளுதற்கு நூலில் இடமில்லை.

திருமுறையிலும் இதற்குச் சான்று உண்டோவெனின், உண்டு. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் அருளினார். வினைப்பயன் இதுவென்று சொல்லிவிட்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையென்பதே அதன் முதற்பாட்டின் கருத்து. நோயுற்ற அடியாரைப் பாவிகளெனப் பிள்ளையார் இகழ்ந்திலர். நோயை நீக்கவே பாடினார்.

அற்றேல், தணியாத நோயின் பயன் யாதெனின், கூறுதும். நோய் தானே மலத்தைப் போக்காது. ஏன்ற வினையைக் கழிக்கும் அளவினதே. ஆணவத்தின் வலியைக் கெடுப்பது திருவருள். குருவருள் பெற்றார்க்குச் சஞ்சிதம் தீக்கையால் அழியினும், பிராரத்தம் உடலுள்ளளவும் நின்று உடலோடு ஒழியும். ஆகலின், ஞானியர்க்கும் ஈற்றில் நோய் வரலாம். அஞ்ஞானியர் நோயின்றியும் இறக்கலாம். ஒருவர் கிடக்கும் படுக்கையைக் கொண்டு அவர் உயிரின் நிலையை அளத்தல் எவர்க்கும் இயலாது.

வேறுபாடு நுகர்ச்சியில் இல்லை. நுகர்வார் எதனைச் சார்ந்து நிற்கின்றார் என்பதிலேயே உள்ளது. உடலைச் சார்ந்து நிற்பார்க்கு அந்நோய் துன்பமாய் மட்டும் முடியும்; திருவருளைச் சார்ந்து நிற்பார்க்குப் பற்று அறுதற்கு வாயிலாம். அச்சார்பிற்கு வேண்டுவது ஒருங்கிய உள்ளம். கடுவலியால் கலங்கிய உள்ளம் திருவைந்தெழுத்தைப் பற்றமாட்டாது. ஆதலின், இறப்பார் அதனை நினைத்தற்கு உதவுமாறு அவர் வலியைத் தணித்தல் வினைக்கு மாறாகாது. சிவபுண்ணியமே ஆம் என்க.