பெருமிதமும் போட்டியும்: கணிதப் போட்டியை மையமிட்ட சிறார் நாவல்களும் வாசகர் மதிப்பீடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவர்க்கான கணிதப் போட்டிகளையும் கணக்கின் வழி நிகழும் போட்டிகளையும் மையமாகக் கொண்ட சிறார் நாவல்கள் வட அமெரிக்காவில் தனியொரு வகைமையாக வளர்ந்துள்ளன. இவை பற்றிய வாசகர் கருத்துகள் பெரும்பாலும் நூலின் பயனை அளவுகோலாகக் கொள்கின்றன. ரிச்சர்ட் ஹோஷினோவின் 'தி மேத் ஒலிம்பியன்' (2015), ஜாக்குலின் டேவிஸின் 'தி லெமனேட் வார்' (2007) ஆகிய இரு நூல்களை முன்வைத்து அக்கருத்துகளின் பொருத்தத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கை, பெருமிதம் ஆகிய கருத்தாக்கங்கள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் நாவல், கணிதப் போட்டி, வாசகர் மதிப்பீடு, மெய்ப்பாடு, மருட்கை, பெருமிதம்.

முன்னுரை

சிறார் நூல்களைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் சிறார் அல்லர். பெற்றோர், ஆசிரியர், நூலகர் ஆகியோர் முதலில் படித்துத் தேர்ந்த பின்னரே நூல் குழந்தையின் கைக்குச் செல்கிறது. எனவே சிறார் நூல் பற்றிய வாசகர் கருத்து என்பது பெரிதும் வளர்ந்தோர் கருத்தாகவே அமைகிறது. அந்நூல் கணிதம் தொடர்பானதாக இருப்பின் இந்நிலை மேலும் வலுப்பெறுகிறது. 'இதனால் பிள்ளைக்குக் கணக்கு வருமா?' என்னும் வினா, 'இது நல்ல கதையா?' என்னும் வினாவை முந்திக்கொள்கிறது.

இத்தகைய நாவல்கள் குறித்து மூன்று வகையான கருத்துகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கணக்கு மிகுந்து கதை குறைந்துவிட்டது என்பது முதலாவது. அறிவுரை மேலோங்கி நிற்கிறது என்பது இரண்டாவது. பெண் குழந்தைகளுக்கு நல்ல முன்மாதிரி கிடைத்துள்ளது என்னும் பாராட்டு மூன்றாவது. இம்மூன்றும் எந்த அளவிற்கு ஏற்கத்தக்கவை என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

நூலும் பின்புலமும்

'தி மேத் ஒலிம்பியன்' நாவலின் தலைமை மாந்தர் பெத்தனி மெக்டொனால்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் பகுதியின் சிற்றூர்ச் சிறுமியான இவள், தன் நாட்டின் கணித ஒலிம்பியாடு அணியில் இடம்பெற விழைகிறாள். அதற்கு வாயிலாக அமையும் தேர்வில் மூன்று மணி நேரத்தில் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். தேர்வு அறையில் அவள் வினாக்களை எதிர்கொள்வதும், அங்கு வந்து சேர்ந்த நெடும்பயணத்தை நினைந்து பார்ப்பதும் மாறி மாறி அமைந்து நாவலின் கட்டமைப்பை உருவாக்குகின்றன.

ஹோஷினோ கணிதவியலர். 1996ஆம் ஆண்டு மும்பையில் நடைபெற்ற அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் கனடா அணியில் பங்கேற்று வெள்ளிப் பதக்கம் பெற்றவர். நோவா ஸ்கோஷியாவிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். களத்தையும் நிலத்தையும் நேரில் அறிந்தவர் எழுதிய நாவல் என்பதால், அதில் இடம்பெறும் கணிதம் ஒப்பனையாக நில்லாமல் கதை நிகழ்ச்சியாகவே நிற்கிறது.

கணக்கு மிகுதி என்னும் குறை

போட்டி என்னும் ஒரு சொல் இருவேறு நிகழ்வுகளைக் குறிப்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும். அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்க்கான 'மேத்கவுண்ட்ஸ்' போட்டியின் 'கவுண்ட்டவுன்' சுற்றில் ஒரு வினாவிற்கு 45 விநாடிகளே உண்டு. அங்கே விரைவே வெல்கிறது. 1969இல் தொடங்கிய கனடா கணித ஒலிம்பியாட்டில் ஒரு வினாவிற்குச் சராசரியாக 36 நிமிடங்கள் கிடைக்கின்றன. அனைத்துலக ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு மூன்று வினாக்கள், நான்கரை மணி நேரம். இங்கு வேண்டப்படுவது, வழி தெரியாத நிலையில் நெடுநேரம் தளராதிருக்கும் திறன். ஹோஷினோ இரண்டாம் வகையைத் தேர்ந்ததனாலேயே நினைவோட்டத்திற்கு இடம் கிடைக்கிறது. 45 விநாடிப் போட்டிக்குள் ஒரு நாவலை அடக்குதல் அரிது.

ஒலிம்பியாடு வினாவின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1995ஆம் ஆண்டு கனடா ஒலிம்பியாட்டின் முதல் வினா பின்வருமாறு: ஒன்பதின் அடுக்கு ஒன்றை, அவ்வடுக்குடன் மூன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அடுக்கின் இடத்தில் 1/1996, 2/1996 என்று தொடங்கி 1995/1996 வரை இட்டால் 1995 பின்னங்கள் கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகை யாது? ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட முற்படுவோர் முதல் அடியிலேயே திகைத்து நிற்பர். முதல் பின்னத்தையும் கடைசிப் பின்னத்தையும் இணைத்துப் பார்ப்பவர்க்கோ அவற்றின் தொகை சரியாக 1 என்பது புலப்படும். இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் அவ்வாறே. இப்படி 997 இணைகள் அமைய, நடுவில் தனித்து நிற்கும் பின்னம் 1/2 ஆகிறது. விடை 997½.

மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழித் தோன்றும் என்பது மெய்ப்பாட்டியல் மரபு. ஒன்று பிறிதொன்றாகத் திரிந்து நிற்றலே ஆக்கம். எழுதவும் கூசும் பின்னங்கள் இணைந்ததும் ஒன்று என்னும் எண்ணாக மாறும் கணத்தில் விளைவது இந்த ஆக்கம் பற்றிய மருட்கையே. இவ்வகை நாவலில் கணக்கின் தீர்வு ஒரு மெய்ப்பாட்டு நிகழ்வு. துப்பறியும் கதையில் தடயங்கள் மிகுந்துவிட்டன என்று குறைகூறுதல் எத்தகையதோ, அத்தகையதே இங்குக் கணக்கு மிகுந்துவிட்டது என்னும் கூற்றும்.

ஆயினும் அக்குறையைப் புறந்தள்ளிவிடவும் இயலாது. தீர்வைப் பின்தொடர முடியாத வாசகர் கதையின் உச்சத்தை இழக்கிறார். அவரும் மருட்கையில் பங்கு பெற வேண்டுமாயின், தீர்வுக்கு முந்தைய தடுமாற்றம் அவருக்கு நெருக்கமாக வேண்டும். விடை விளங்காவிடினும் திகைப்பு அனைவர்க்கும் விளங்கும். ஆகவே இவ்வகை நூலைப் பற்றிக் கேட்கத்தக்க வினா கணக்கின் அளவைப் பற்றியதன்று. திகைப்பிற்கு எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது என்பதே.

அறிவுரை என்னும் குறை

கணிதம் என்பது சூத்திரங்களை மனனம் செய்வதன்று, ஒழுங்குகளைக் கண்டு உண்மையை அடைவது என்னும் கருத்தை ஹோஷினோவின் நாவல் வலியுறுத்துகிறது. விளையாட்டு, ஆன்மிகம், சுற்றுச்சூழல் எனப் பல துறைகளோடும் கணிதத்தைப் பிணைத்துக் காட்டவும் முற்படுகிறது. அறிவுரை மிகுந்துள்ளது என்னும் கருத்து இவ்விடத்தில் பொருந்துகிறது. கணிதத்தின் பெருமையைத் தீர்வுகளே உணர்த்திய பின், அதனை மீண்டும் எடுத்துரைத்தல் வாசகரை மாணவராக்கிவிடுகிறது.

இதனோடு 'தி லெமனேட் வார்' ஒப்புநோக்கத்தக்கது. இது சிறார் தொடர் நாவல் ஒன்றின் முதல் நூல். ஜெஸ்ஸி கணக்கில் வல்லவள். பிறர் மனத்தை அறிவதில் தடுமாறுபவள். அவளுடைய அண்ணன் ஈவன் இதற்கு நேர்மாறானவன். ஜெஸ்ஸி ஒரு வகுப்பைத் தாண்டி அண்ணனின் நான்காம் வகுப்பிலேயே சேரவிருக்கிறாள். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஐந்து நாள்களில் எலுமிச்சைச் சாறு விற்று யார் மிகுதியாக ஈட்டுவது என்று இருவரும் போட்டியிடுகின்றனர். பள்ளிக் கணிதப் போட்டி எதுவும் இங்கு இல்லை. ஆனால் தங்கையின் கணக்கறிவு வகுப்பறையில் தன்னைச் சிறுமைப்படுத்தும் என்னும் ஈவனின் அச்சமே கதையை நகர்த்துகிறது. எனவே பள்ளியின் கணிதத் தரவரிசை வீட்டு வாசலுக்கு இறங்கி வந்த கதையாக இதனைக் கொள்ளலாம்.

இந்நூலின் இயல்கள் வணிகக் கலைச்சொற்களைத் தலைப்பாகக் கொண்டு, அவற்றின் விளக்கத்தோடு தொடங்குகின்றன. பாடநூல் உத்தியான இது இங்கு உறுத்துவதில்லை. கூட்டாண்மை, போட்டி, பேரம், மொத்த இழப்பு என்று வரும் சொற்கள் வணிகத்தை மட்டும் குறிக்காமல் உடன்பிறப்புகளின் உறவையும் குறிக்கின்றன. சொல்லுக்குத் தரப்படும் பொருளும், கதை அதற்குத் தரும் பொருளும் வெவ்வேறாக நிற்க, அவற்றின் இடைவெளியை வாசகரே நிரப்புகிறார். கற்பித்தல் தன்னளவில் குறையாகாது. வாசகர் நிரப்புவதற்கு இடம் விடாத கற்பித்தலே குறையாகிறது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் ஏமாற்றுவதும் கெடுதல் செய்வதும் குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்னும் கருத்தும் இந்நூல் குறித்து எழுகிறது. இதுவும் பயன் நோக்கிய மதிப்பீடே. போட்டி உறவைச் சிதைக்கும் என்பதை, சிதையும் உறவைக் காட்டாமல் உணர்த்த இயலாது. தொடர் நாவல் என்னும் வடிவமும் இங்குத் துணைபுரிகிறது. முதல் நூலில் காணாமற்போகும் பணம், 2011இல் வெளிவந்த அடுத்த நூலான 'தி லெமனேட் க்ரைம்'இல் மாணவர் தாமே நடத்தும் விசாரணைக்குக் காரணமாகிறது. போட்டியின் கணக்கு முடிந்தும் அதன் விளைவுகள் முடிவதில்லை. தேர்வு நேரத்தின் எல்லைக்குள் அமைந்த ஹோஷினோவின் நாவலுக்கு இவ்வாய்ப்பு குறைவு.

முன்மாதிரி என்னும் பாராட்டு

ஆண்களே கணிதத்தில் சிறப்பர் என்னும் தவறான எண்ணத்தைப் பெத்தனி தகர்க்கிறாள் என்பது இந்நாவலுக்குரிய முதன்மைப் பாராட்டு. அது தகுதியானதே. எனினும் அனைத்துலக ஒலிம்பியாட்டில் ஒரு நாட்டின் அணியில் ஆறு பேருக்கே இடமுண்டு. ஆறில் ஒருத்தியாக வந்தவளைக் காட்டி எல்லாச் சிறுமியர்க்கும் நம்பிக்கை ஊட்டும்போது, ஏழாவதாக நின்றவளுக்கு அந்நூல் என்ன சொல்கிறது என்னும் வினா எழுகிறது.

பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின்வழித் தோன்றும் என்னும் மெய்ப்பாட்டியல் கருத்து இவ்வினாவிற்கு வழிகாட்டுகிறது. இந்நான்கில் புகழ் ஒன்றே பிறர் அளிப்பது. கல்வியும் அஞ்சாமையும் கொடையும் தன்னிடத்தே தோன்றுவன. முன்மாதிரி என்று பாராட்டும் வாசகர் பெத்தனியின் பெருமிதத்தைப் புகழின் வழியாக மட்டுமே காண்கின்றனர். நாவலோ கணிதத்தின் வழிச் சமுதாயத்திற்குப் பங்களிக்க வேண்டும் என்னும் நோக்கத்தை அவளுக்கு அளித்து, புகழிலிருந்து கொடையை நோக்கி நகர முயல்கிறது. வழிகாட்டிகள் அவளுக்குத் தந்ததும் கொடையே. ஏழாவதாக நின்றவளுக்கும் உரியவை புகழ் நீங்கலான ஏனைய மூன்றும்.

மெய்யான வாழ்வும் இதற்குச் சான்று பகர்கிறது. ஈரானின் மரியம் மிர்சகானி 1995இல் கனடாவின் டொரொண்டோவில் நடைபெற்ற ஒலிம்பியாட்டில் முழு மதிப்பெண்ணான 42ஐப் பெற்றுத் தங்கம் வென்றார். 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணானார். தம்மை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே அவர் குறிப்பிட்டார். போட்டியில் வென்றவர் ஒருவரே தம் இயல்பாக விரைவைக் கூறாது நிதானத்தைக் கூறியிருப்பது நோக்கற்பாலது. முன்மாதிரி வேண்டுமெனில், பதக்கத்தினும் இந்நிதானமே பின்பற்றுவதற்கு எளிது.

நாவலின் அடிப்படை முரணும் இங்கேயே வெளிப்படுகிறது. கணிதத்தின் மதிப்பு தரவரிசையில் இல்லை என்று கூற விழையும் நூல், தரவரிசைத் தேர்வு ஒன்றையே தன் சட்டகமாகக் கொண்டுள்ளது. கருத்து கொடையை நோக்கிச் செல்ல, கட்டமைப்பு 'அவள் தேர்ந்தெடுக்கப்படுவாளா?' என்னும் எதிர்பார்ப்பால் வாசகரைப் புகழை நோக்கி ஈர்க்கிறது. வாசகர் அதனை வெற்றிக் கதையாகப் படிப்பதற்கு அவர்தம் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. நூலின் வடிவமும் பொறுப்பேற்க வேண்டும்.

முடிவுரை

கணக்கு மிகுதி என்னும் குறை, தீர்வே மெய்ப்பாட்டு நிகழ்வாகும் இவ்வகைமையின் இயல்பை அறியாததால் எழுவது; எனினும் திகைப்பிற்குரிய இடத்தைப் பற்றிய வினாவாக மாற்றினால் அது பயனுள்ள அளவுகோலாகும். அறிவுரை பற்றிய குறை 'தி மேத் ஒலிம்பியன்' நூலுக்குப் பெரிதும் பொருந்தும். 'தி லெமனேட் வார்' கற்பித்தலைக் கதையோடு முரண்படவிட்டு அதிலிருந்து தப்புகிறது. முன்மாதிரி என்னும் பாராட்டு பெருமிதத்தின் நான்கு களங்களுள் ஒன்றை மட்டுமே தொடுகிறது. கணக்கில் பின்தங்கிய ஈவனின் அச்சத்தையும் ஒரு கதையின் மையமாக்க முடிந்தது என்பதே டேவிஸின் தொடர் இவ்வகைமைக்கு அளித்த கொடை எனலாம். போட்டியில் கலந்துகொள்ளும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் வெல்லாதவரே. அவர்கள் படிக்கும்போது ஒரு நூல் என்னவாகிறது என்பதையும் சேர்த்து மதிப்பிடும் திறனாய்வே சிறார் இலக்கியத்திற்கு இன்று தேவைப்படுகிறது.