வெண்கொக்கும் வெறும் வானமும்

அழகு என்பது வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே சுவரில் மாட்டிவைக்கக்கூடிய ஒன்று என்னும் கருத்து, இலக்கியத்தில் எத்தனையோ முறை எதிர்க்கப்பட்டுவிட்டது. புகைப்படக் கலையிலோ அது இன்னும் அசையாது வீற்றிருக்கின்றது. சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி நகரில் உல்லாசப் பயணிகளுக்கென விற்கப்படும் படங்களில் பறக்கும் வெண்கொக்கை நோக்கினாற் போதும். விரிந்த சிறகு, மடிந்த கழுத்து, பின்னே நீண்ட கால்கள், சுற்றிலும் வெறும் வானம். அக்கொக்கு எங்கிருந்து வந்தது, எதை உண்டது, எங்கே அடையப்போகின்றது என்பவற்றை அப்படம் கூறுவதில்லை.

இத்தகைய படங்களை எடுப்போரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பெருங்கொக்கின் சிறகடிப்பு நிதானமானதுதான். ஆயினும் சிறகின் நுனி கலங்காது பதியவேண்டுமாயின் கமராவின் கண் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு நேரமே திறந்து மூடவேண்டும். அதனினும் கடினமானது வெண்மையைக் காப்பது. ஒளிமானி தான் காண்பவற்றையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கின்றது. இருண்ட உடவத்தகலே வனத்தின் முன்னே பறக்கும் கொக்கை அக்கணிப்பின்படி எடுத்தால் இறகின் இழைகள் மறைந்து, கொக்கு வெற்றுத்தாளின் துண்டுபோல் வெளுத்துவிடும். எனவே இறகுக்கு ஏற்றபடி ஒளியைக் குறைக்கவேண்டியிருக்கின்றது. இறகு பிழைக்கின்றது, நிலம் இருளில் மூழ்குகின்றது. இது தொழில்நுட்பத்தின் நியதி. இந்நியதியே கலைக்கொள்கையாக மாறும்போதுதான் விமர்சனம் குறுக்கிடவேண்டியதாகின்றது.

இருளில் மூழ்கிய அந்நிலத்தில் இருப்பது யாது? கண்டி ஏரி இயற்கையின் கொடையன்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆணைப்படி, வயல் நிலத்தை மறித்து, குடிமக்களின் கட்டாய ஊழியத்தால் ஆக்கப்பட்டு, 1812இல் நிறைவெய்தியது. கரையில் எழுந்த முகில் வடிவச் சுவர், 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபின் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இவ்வேரிக்கரை மரங்களிலேதான் மாலைதோறும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்தடைகின்றன. விடியலில் அவை எழும்போது கமராக்களும் மேல்நோக்கி எழுகின்றன. கீழே, எச்சத்தால் வெளுத்துக்கிடக்கும் நடைபாதையைத் துப்புரவாக்குவது நகரசுத்தித் தொழிலாளியின் பாடு. மேலேயும் வெண்மை, கீழேயும் வெண்மை. ஒன்று படமாகின்றது. மற்றது ஒருவரது முதுகை வளைக்கின்றது.

பறவையின் பகற்பொழுதும் வெறும் வானத்திற் கழிவதில்லை. பெருங்கொக்கு நீர் தேங்கிய வயலில் அசையாது காத்து நிற்கின்றது. அதனிலும் சிறிய உண்ணிக்கொக்கு உழவின் பின்னே நடந்து, புரண்ட மண்ணிலிருந்து பூச்சி பொறுக்குகின்றது. குப்பைமேட்டிலும் இரை தேடுகின்றது. உழைக்கும் மனிதனின் அயலிலேதான் அவற்றின் வாழ்க்கை.

பிரித்துப் பார்க்கும் இக்கண் கண்டிக்குப் புதியதன்று. 1870களில் இந்நகரில் படநிலையம் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன் போன்றோர் காலந்தொட்டே மலைநாட்டுக் காட்சிகளும் தோட்டத் தொழிலாளரும் ஐரோப்பியர் வாங்கிச்செல்லும் படங்களாயினர். கொழுந்துக் கூடை சுமந்த பெண் பசுமலையின் அணிகலனானாள்; அவளுடைய லயத்து அறையோ சட்டத்துக்கு வெளியே நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பின்னரும் நாட்டின் எழிலுக்கு அவள் உருவமே அடையாளமாய் விலைபோயிற்று. கொக்கை வயலிலிருந்து பிரித்த கண்ணும் பெண்ணை லயத்திலிருந்து பிரித்த கண்ணும் ஒன்றே.

ஆனால், பறக்கும் வெண்பறவையைப் படம்பிடிக்கும் கலை அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று. 1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே, ஒரு செக்கனில் பன்னிரண்டு படங்களை எடுக்கும் துப்பாக்கி வடிவக் கமராவை அமைத்தது, பறவை எவ்வாறு பறக்கின்றது என்பதை அறியவே. 1884இல் ஜேர்மானியர் அன்ஷூட்ஸ் எடுத்த நாரைப் படங்கள், மனிதன் பறக்க வழி தேடிய லிலியந்தாலுக்கு ஊக்கமளித்தன. அங்கே படம் ஒரு வினாவாக இருந்தது.

பிறிதோர் உதாரணமும் உண்டு. சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகக் கொக்கின் இறகு உலகச் சந்தையில் விலைபோன காலம் அது. அவ்விறகு இனப்பெருக்கப் பருவத்தில் வளர்வதாகையால், கூட்டிலிருந்த தாய் தந்தைப் பறவைகளே சுடப்பட்டன. 1906இல் அவுஸ்திரேலியாவில் மற்றிங்லி என்பவர், பெற்றோர் கொல்லப்பட்டதாற் கூட்டில் பசித்து மடிந்துகொண்டிருந்த கொக்குக் குஞ்சுகளைப் படமெடுத்தார். 1911இல் அப்படங்களைத் தாங்கிய விளம்பரப் பலகைகளை மார்பிலும் முதுகிலும் அணிந்த ஆட்கள் இலண்டன் வீதிகளில் நடந்தனர். பல்லாண்டு இயக்கத்தின் பயனாக 1921இல் இறகு இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. அவ்வியக்கத்தின் கூரிய ஆயுதங்களுள் ஒன்று, பறக்காத கொக்கின் படம்.

அப்படியாயின் ஒவ்வொரு கொக்கின் அருகிலும் ஒரு தொழிலாளியை நிறுத்தவேண்டுமோ என நண்பர்கள் வினவலாம். வேண்டியதில்லை. மற்றிங்லியின் கூட்டிலே மனிதர் எவருமில்லை. ஆயினும் மனிதரின் பேராசை முழுவதும் அதிற் புலப்படுகின்றது. நம் சத்திமுத்தப் புலவரும் வறுமையை வலிந்து புகுத்தவில்லை. நாரையின் அலகையும் காலையும் உற்றுநோக்கிய அதே கண்ணால், மதுரைக் குளிரில் ஆடையின்றி நடுங்கும் தம்மையும் நோக்கினார். ஊரிலிருந்த மனைவிக்கு அந்நாரை வாயிலாகவே செய்தி விடுத்தார். பறவையும் பசியும் ஒரே பாட்டில் வாழ்கின்றன. ஒன்று மற்றதன் அழகைக் குலைக்கவில்லை, ஆழப்படுத்துகின்றது. நாம் கோருவது கோஷமன்று; முழுமை.

இன்று கைத்தொலைபேசியும் கமராவாகிவிட்டது. எம் மாணவர் பலர் ஏரிக்கரையில் அதனை உயர்த்துகின்றனர். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: சிறகின் ஒவ்வோர் இழையையும் காப்பாற்றுங்கள்; அந்தத் தேர்ச்சி வேண்டியதே. ஆனால் கொக்கு எழும் கணத்தை மட்டுமன்றி இறங்கும் கணத்தையும் காத்திருந்து எடுங்கள். அது இறங்கும் இடத்திலே சேறு இருக்கும், உழவு இருக்கும், துடைப்பத்தின் ஓசை இருக்கும். அவற்றுக்கும் ஒளி விடுங்கள்.