‘இல்லை’ என்று விற்பவை

சங்கராபுரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்து முகப்பூச்சு டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். தமிழ் படித்தவளின் கெட்ட பழக்கம், எதைக் கண்டாலும் பிரதியாகத்தான் பார்ப்பேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘பாராபென் இல்லை’, ‘கெமிக்கல் இல்லை’. பின்பக்கம் எறும்பு எழுத்தில் வேதிப்பெயர்கள். முன்பக்கம் பெண்ணிடம் பேசுகிறது, பின்பக்கம் சட்டத்திடம். தண்ணீரும் வேதிப்பொருள்தான் என்பதால் ‘கெமிக்கல் இல்லை’ என்ற தொடருக்குப் பொருளே கிடையாது. ஆனாலும் அதுதான் விற்கிறது.

2004இல் இங்கிலாந்தில் பிலிப்பா டார்ப்ரேயின் குழு, 20 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து அவற்றில் பாராபென் இருப்பதாகச் சொன்னது. கட்டியில்லாத திசுவோடு அதை ஒப்பிடவில்லை. பாராபென்தான் கட்டியை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிறுவவும் இல்லை. ஆனால் பயத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சில பாராபென்கள் ஈஸ்ட்ரோஜெனைப்போல மிக மெலிதாகச் செயல்படுவது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைகளைத் தடை செய்தது, புரொபைல், பியூட்டைல் வகைகளை 0.14 சதவீதத்துக்குள் அடக்கியது, மெத்தில் பாராபெனை 0.4 சதவீதம் வரை விட்டுவைத்தது. நிதானமான முடிவு. சந்தைக்கு நிதானம் எதற்கு? பாராபெனை விரட்டிய இடத்தில் பல பூச்சுகளுக்குள் மெத்தில் ஐசோதயசோலினோன் வந்து உட்கார்ந்தது. 2013இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் அதையே ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. ‘இல்லை’ என்று எழுதியவர்கள் எது இருக்கிறது என்று எழுதவில்லை.

பதப்படுத்தியே வேண்டாம் என்பதும் சரியல்ல. என் மாணவி ஒருத்தி, ‘எதுவும் கலக்காத’ கற்றாழை ஜெல்லை விடுதி அலமாரியில் மூன்று வாரம் வைத்திருந்தாள். கன்னமெல்லாம் சீழ்க்கொப்புளம். தண்ணீர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும், தினமும் விரல் விட்டு எடுக்கும் டப்பாவில் இன்னும் வேகமாக வளரும். “பாட்டி மட்டும் எதைக் கலந்தாள்?” என்று கேட்டாள். பாட்டி வைத்திருந்தது பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், சீயக்காய். எல்லாம் உலர்ந்த பொடி. குளிக்கும் நேரத்தில் குழைத்து அன்றே தீர்த்துவிடுவாள். மரபின் மகிமை என்று நாம் பாடுவதில் பாதி, ஈரமில்லாததன் மகிமை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறிடத்தில். கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின்மேல். அது நிறமியைத் தடுக்கும், தோல்வழியே உள்ளேயும் போகும். நம் நாட்டின் 2020 ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பின்பக்கமே இல்லாத டப்பாவில் அந்த விதியை யார் படிப்பது?

பாராபெனுக்குப் பயப்படுகிற அதே மாணவி, பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்படியொரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். தயாரித்தவர் பெயர் இல்லை, சேர்மானம் இல்லை, தேதி இல்லை. அம்மாதான் வாங்கிக் கொடுத்தாராம். “கொட்டிடட்டுமா மேம்?” என்றாள். கொட்டச் சொன்னேன். “அவங்க வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு வேற எதைப் போடறது?” என்று அடுத்துக் கேட்டாள்.