நெட்டருகே நிற்கும் தோழி

முதுகலை வகுப்பில் குறிஞ்சிப் பாடல்களின் தோழி கூற்றுகளை நடத்திக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இந்தத் தோழி எப்பவுமே நெட்டுகிட்டயே நிக்கிறாளே, பின்னாடி போயி ஒரு ஸ்மாஷ்கூட அடிக்க மாட்டாளா?" வகுப்பு சிரித்தது. மேல்மலையனூர்ப் பெண் அவள். அவளும் வளத்தியிலிருந்து வரும் இன்னொருத்தியும்தான் எங்கள் கல்லூரியின் ஷட்டில் இரட்டையர் அணி. சுண்ணாம்புக் கோடு போட்ட மண்தரையில் ஆடுவார்கள். காற்றடித்தால் பயிற்சி நின்றுவிடும். அமாவாசையன்று அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாமல் போனாலும் நின்றுவிடும்.

தோழியைப் பற்றி என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயலே இருக்கிறது. அவளுடைய சொல்வன்மை, மதிநுட்பம், சமயமறிந்து பேசும் திறம் என்று வகைப்படுத்தி எழுதியிருந்தேன். தலைவனைக் கடிவாள், இரவுக்குறியை மறுப்பாள், செவிலிக்கு உண்மையைப் பக்குவமாகச் சொல்லி அறத்தொடு நிற்பாள், உடன்போக்குக்கு வழி செய்வாள். அவளுக்கென்று ஒரு காதல் இல்லை. அவளுடைய இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்க இன்னொரு தோழியும் இல்லை. பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், புள்ளி தலைவியின் கணக்கில் ஏறுகிறது. ஆய்வேட்டில் இதை நான் எழுதவில்லை. ஷட்டில் ஆடும் பெண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடித்தான் ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஆடிய பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தேன். பாட்மின்டனில் ஒற்றையர் ஆட்டத்துக்குக் களத்தின் அகலம் 17 அடி, இரட்டையருக்கு 20 அடி. ஆனால் சர்வ் விழவேண்டிய இடம் இரட்டையருக்குப் பின்பக்கம் இரண்டரை அடி குறைவு. களம் அகலமாகிறது, தொடக்கம் குறுகலாகிறது. தாக்கும்போது ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. இந்த மாற்றம் சில நொடிகளுக்குள் நடக்கும், அதை யாரும் சொல்லிச் செய்வதில்லை. தொலைக்காட்சியும் நாளிதழும் பின்னாலிருந்து அடிக்கும் ஸ்மாஷைத்தான் படமாக எடுக்கும். அந்த ஸ்மாஷுக்கு வசதியாக எதிராளி பந்தை உயர்த்தும்படி செய்தவள், படத்தின் ஓரத்தில் முதுகு காட்டிக்கொண்டிருப்பாள்.

ஜ்வாலா பெரும்பாலும் அப்படி முன்னால் நின்றவர். இடதுகை ஆட்டக்காரர். வலையருகே அவர் ராக்கெட்டைத் திருப்பும் விதத்தில் ஒரு சோம்பல் தெரியும். எதிராளியை ஏமாற்றுவதே அந்தச் சோம்பல்தான். பின்னாலிருந்து அஸ்வினி வலதுகையால் ஓங்கி அடிப்பார். ஒரு இடதுகையும் ஒரு வலதுகையும் சேர்ந்தால் நடுவில் விழும் பந்து யாருக்கு என்பதே எதிராளிக்குக் குழப்பமாகிவிடும். அஸ்வினிக்கு முன்பு ஸ்ருதி குரியனுடன் பல ஆண்டுகள் தேசியப் பட்டங்களை வென்றிருந்தார் ஜ்வாலா. கலப்பு இரட்டையரில் வி. திஜுவுடன் உலக முன்வரிசைக்கு வந்திருந்தார். அஸ்வினியோடு 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம். அதே நாளில் சாய்னா நேவாலும் ஒற்றையரில் தங்கம் வென்றார். மறுநாள் செய்தியில் யார் எவ்வளவு இடம் பெற்றார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

2011 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்த இருவரும் வெண்கலம் வென்றார்கள். 1983இல் பிரகாஷ் படுகோன் வென்ற வெண்கலத்துக்குப் பிறகு, 28 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அது. உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் வென்ற முதல் பதக்கமும் அதுதான். சிந்துவின் முதல் வெண்கலம் 2013இல், சாய்னாவின் வெள்ளி 2015இல். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். முதல் பதக்கம் யாருடையது என்றதற்கு எல்லோரும் சிந்து என்றார்கள், இரண்டு பேர் சாய்னா என்றார்கள். தனியாக நிற்கும் பெண்ணை நாயகியாக்கிக்கொள்ள நம் நினைவுக்குப் பழக்கம் இருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து நின்றால் அதை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. தமிழில் 'ஜோடி' என்று எழுதினால்கூட முதலில் கண்ணுக்கு வருவது ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான்.

அதே 2011இல்தான் பெரிய போட்டிகளில் பெண்கள் கட்டாயம் பாவாடை அணிய வேண்டும் என்று உலக பாட்மின்டன் கூட்டமைப்பு ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. ஆட்டத்தைக் கவர்ச்சியாக்கப் போகிறார்களாம். எதிர்ப்பு வந்து முதலில் தள்ளிப்போட்டார்கள், அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். பெண்கள் ஆட்டத்துக்குப் பார்வையாளர் இல்லையென்றால் அதற்கு மருந்து ஆட்டக்காரியின் தொடையில் இருக்கிறது என்று நினைத்தவர்களின் கையில்தான் விளையாட்டு இருந்தது.

இதைவிட அப்பட்டமான கணக்கு 2013இல் வந்தது. இந்தியன் பாட்மின்டன் லீக் தொடங்கியபோது ஜ்வாலாவையும் அஸ்வினியையும் 50,000 டாலர் அடிப்படை விலையுள்ள முன்னணி ஆட்டக்காரர்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள். பிறகு பெண்கள் இரட்டையர் பிரிவையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஆண்கள் ஒற்றையர் ஆட்டத்தைச் சேர்த்தார்கள். ஏலத்தில் இவர்கள் இருவரின் அடிப்படை விலை 25,000 ஆனது. சரிபாதி. உலகப் பதக்கம் வென்ற ஒரு ஜோடியைப் பிரித்து, இரண்டு அணிகளுக்கு ஆளுக்கொருத்தியாக, அரை விலையில் கொடுத்தார்கள். குறைந்த தொகையை ஈடு செய்வதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தத் தொகை பெரிதாகப் படவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து செய்யும் வேலை, தேவைப்பட்டால் இல்லாமலே நடத்திக்கொள்ளக்கூடிய வேலை என்று முடிவெடுத்ததுதான் உறுத்துகிறது. வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்யும் வேலைக்கு நாம் வைத்திருக்கும் கணக்கும் இதுதானே.

ஜ்வாலா சும்மா இருக்கவில்லை. இரட்டையருக்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டும், ஒற்றையருக்குக் கிடைக்கும் கவனம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வெளிப்படையாகப் பேசினார். தோழியின் அறத்தொடு நிற்றல்தான் இது. ஒரே வேறுபாடு, இந்தத் தோழி தனக்காகவும் பேசினாள். அதனால் 'சர்ச்சை நாயகி' ஆனார். 2013இல் லீக் தகராறு ஒன்றையொட்டி அவருக்கு ஆயுள் தடை விதிக்கச் சங்கத்தின் ஒழுங்குக் குழு பரிந்துரைத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் போய்த்தான் அவர் ஆட அனுமதி பெற்றார். அவருடைய தாய் சீனர் என்பதையும் சேர்த்து ஏசினார்கள். அவர் இவ்வளவு காலம் கேட்ட இரட்டையர் பயிற்சியாளர், மலேசியாவின் டான் கிம் ஹெர், 2015இல் வந்தார். அப்போது ஜ்வாலாவுக்கு வயது 32ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரை வெறும் பலிகடாவாக எழுதிவிடவும் எனக்கு விருப்பமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த ஜோடி ஜப்பானிடம் தோற்றது, தைவானையும் சிங்கப்பூரையும் வென்றது. மூன்று ஜோடிகள் சமநிலையில் நிற்க, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெளியேறினார்கள். ஜப்பான் தைவானிடம் தோற்ற விதம் சந்தேகத்துக்குரியது என்று இந்தியா கொடுத்த புகார் எடுபடவில்லை. காலிறுதியில் வசதியான எதிராளி கிடைப்பதற்காக வேண்டுமென்றே தோற்கப் பார்த்த வேறு நான்கு ஜோடிகளைத் தகுதிநீக்கம் செய்த ஒலிம்பிக் அது. ஆகவே கோபம் நியாயமானதுதான். ஆனாலும் ஜப்பானிடம் இரண்டு செட்டும் நேராகத் தோற்றதுதான் முதல் காரணம். தடுப்பாட்டம் நீண்டால் ஜ்வாலாவின் கால்கள் தாமதிக்கும். எதிராளிகள் அவரைப் பின்னுக்குத் தள்ளி அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். நெட்டிலிருந்து பின்னால் போவதுதான் அவருடைய பலவீனம். மாணவியின் கேள்வி என்னை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

அஸ்வினியைப் பற்றி நம் ஊடகங்கள் எழுதியது இன்னும் குறைவு. ஒருத்தி வாயாடி, ஒருத்தி சாது என்று பிரித்துவிட்டால் சாதுவைப் பற்றி எழுத எதுவும் மிஞ்சாது போலும். ஜ்வாலா ஓய்ந்த பிறகு அவர் சிக்கி ரெட்டியோடு சேர்ந்து 2018 காமன்வெல்த்தில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிஷா கிராஸ்டோவோடு ஆடினார். இருவருக்கும் வயது வித்தியாசம் 13க்கு மேல். மூன்று ஆட்டங்களிலும் தோற்று, இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று கண்ணீரோடு சொன்னார். ஒரு ஜோடியில் இளையவராக வந்தவர் இன்னொரு ஜோடியில் மூத்தவராக நின்று முடித்தார். தோழியும் தலைவியும் இடம் மாறிக்கொள்ளும் இப்படியொரு பாடல் நம் அகத்திணையில் இல்லை.

ஜ்வாலா 2021இல் நடிகர் விஷ்ணு விஷாலை மணந்தார். அன்றிலிருந்து தமிழ்ச் செய்திகளில் அவர் 'விஷ்ணு விஷாலின் மனைவி'. 2025இல் குழந்தை பிறந்தபின் தாய்ப்பால் தானம் செய்தார். அந்தச் செய்தி எங்கள் ஊர் டீக்கடை வரை வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 2011 பதக்கம் அந்த டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

போன தை மாதம் வளத்திப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. படிப்பை முடிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள், எல்லோருக்கும் நிம்மதி. ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. இரட்டையர் பதிவுப் படிவத்தில் இரண்டு பெயர்கள் வேண்டும். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பெண்களின் ஆட்டம் நின்றது. மீதமிருந்தவள் சில வாரங்கள் தனியாக சர்வ் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் விழுந்த ஷட்டிலை அவளே போய்ப் பொறுக்கி வருவாள்.

ஜூலையில் ஒருநாள் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள். துறைத்தலைவர் விடுப்பு, நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பெயர் எனக்குத் தெரியாத பெயர்.

"யூ.ஜி. ஃபர்ஸ்ட் இயர் மேடம். இடதுகை. நெட்டுல நல்லா நிக்கிறா. நான் பின்னாடி போயிட்டேன்."