வண்ண விசிறி

அச்சகத்து மேஜையில் கிடக்கும் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது பான்டோன் விசிறிதான். நீளமான அட்டைப் பட்டைகளை ஒரு முனையில் திருகாணியால் கோத்திருப்பார்கள். விரித்தால் பட்டைக்கொரு நிறக் குடும்பம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண், அதற்கான மைக் கலவையின் அளவு. லாரன்ஸ் ஹெர்பர்ட் 1963இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். "கொஞ்சம் அடர்ந்த சிவப்பு" என்று கையை ஆட்டி விளக்கிய இடத்தில் எண்ணைச் சொன்னால் போதும் என்றானது.

இன்று கல்யாணப் பத்திரிகையை இணையத்திலேயே வடிவமைக்கிறோம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. தாளோ, தன்மேல் விழும் ஒளியில் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகள் விழுங்கியது போக மிஞ்சியதைத் தருகிறது. திரையில் பளீரிட்ட ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அந்த நான்கு மைக்குள் அடங்காமல் மங்கிப்போகும். அங்கேதான் ஆரஞ்சு 021 போன்ற தனி மை தேவைப்படுகிறது.

விசிறியின் நேர்மை இன்னும் பிடிக்கும். ஒரே மை வழவழப்பான தாளில் மின்னும், பூச்சில்லாத தாளில் ஊறி அடங்கும். அதனால் பூச்சுள்ள தாளுக்கு 'சி', பூச்சில்லாததற்கு 'யு' என இரண்டு தனி விசிறிகள். வெளிச்சம் பட்டும் விரல் பட்டும் நிறம் மங்குவதால் அவ்வப்போது புதிது வாங்க வேண்டும், விலை அதிகம்தான். ஆனாலும் நிறத்தை முடிவுசெய்யுமுன் பகல் வெளிச்சத்தில் விசிறியைப் பார்ப்பதையே நான் நம்புவேன். திரையின் வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் அதே நிறம் வேறாகத் தெரிகிறதே!