மலைப்பாதையும் கல்வி எல்லையும்: நீலகிரிப் பள்ளி நிருவாக அமைப்பு – ஒரு மதிப்பீடு

தமிழகப் பள்ளிக் கல்வி நிருவாகம் சமவெளியின் தேவைகளை ஒட்டி உருவானது. முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், ஊராட்சி ஒன்றியத்தை அலகாகக் கொண்ட வட்டாரக் கல்வி அலுவலர் என்று அது படிப்படியாக இறங்குகிறது. நீலகிரியில் வருவாய் வட்டங்கள் 6. ஒன்றியங்களோ உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என 4. பந்தலூர் தனி வட்டமாக இருந்தும் ஒன்றிய அளவில் கூடலூரையே சார்ந்துள்ளது.

இதன் விளைவு சிறியதன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்களை வரையறுக்கிறது. சேரம்பாடிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் அலுவல் பொருட்டுக் கூடலூர் சென்றால் அன்று 5 வகுப்புகளும் மற்றவர் பொறுப்பாகின்றன. உதகைக்கு எனில் கூடலூருக்கு அப்பாலும் ஏறத்தாழ 50 கி.மீ. மலையேற வேண்டும்.

தொலைவைக் காட்டிலும் அதிகாரப் பிளவே பெருஞ்சிக்கல் எனலாம். ஒன்றியத் தொடக்கப் பள்ளி பள்ளிக் கல்வித் துறையினுடையது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் நிருவாகம் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையிடமும், அதன் பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் பள்ளிக் கல்வித் துறையிடமும் உள்ளன. தோட்டப் பகுதிகளுக்கோ வேறொரு சட்ட மரபு உண்டு: 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்க 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுக்கு இடமளித்தது. பள்ளியைத் தொழிலாளர் நலனின் ஒரு கூறாகக் கண்ட அந்தப் பார்வை கல்வித் துறையின் பார்வையோடு முழுதும் இணைந்ததாகத் தெரியவில்லை. பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளும், 1964 ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பியோரின் தோட்ட லைன் வீடுகளும் அருகருகே இருக்கும் கூடலூர்ப் பகுதியில் இப்பிளவு தெளிவாகப் புலப்படும்.

2018-இல் தொடக்கக் கல்விக்கெனத் தனியே இருந்த மாவட்ட அலுவலர் முறை நீக்கப்பட்டு, எல்லா நிலைப் பள்ளிகளும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின்கீழ் வந்தன. 2022-இல் தொடக்கக் கல்விக்குத் தனி அலுவலர் மீண்டும் வந்தார். முன்னதைப் பணிச்சுமையை மட்டும் காட்டிப் பிழை என்பது அரைகுறை மதிப்பீடாகும். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாறும் கட்டத்தை ஒரே பார்வையில் கொண்டுவர அது வாய்ப்பளித்தது. மலைப்பகுதியில் குழந்தை பள்ளியை விட்டு நழுவ வாய்ப்பு மிகுந்த கட்டம் அதுவே. வேறு பள்ளி, வேறு பேருந்து, சிலருக்கு வேறு துறையும்கூட. எனினும் நலத்துறைப் பள்ளிகளின் நிருவாகத்தை அவ்விரு மாற்றங்களும் தொடவில்லை.

இடைநின்றோரை வட்டார வளமையங்கள் கணக்கெடுக்கின்றன என்ற மறுப்பு எழலாம். அக்கணக்கு குழந்தை நின்றபின் தொடங்குவது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஜூன் மாதத்தில் எப்பள்ளியில் சேர்ந்தது என்பதைத் துறை வேறுபாடின்றிக் குடியிருப்புவாரியாகச் சரிபார்க்கும் பொறுப்பு ஓர் அலுவலரிடம் இருத்தல் வேண்டும். பந்தலூருக்கெனத் தனி வட்டாரக் கல்வி அலுவலகம் அமையுமானால் அப்பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.