ஷிபுவின் வெகுளி: ‘மின்னல் முரளி’ திரைப்படத்தில் எதிர்நாயக நடிப்பு

சூப்பர் ஹீரோ படங்களில் எதிர்நாயகன் பெரும்பாலும் நாயகனின் ஆற்றலை அளந்து காட்டும் கோலாகவே நின்றுவிடுகிறான். 2008-இல் வெளியான ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹீத் லெட்ஜர் ஏற்ற ஜோக்கர் இதற்கு விதிவிலக்கு. எனினும் அவன் தன் வடுக்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்பவன், காரணமின்மையையே வலிமையாகக் கொண்டவன். பாசில் ஜோசப் இயக்கி, 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படம் மறுதிசையில் செல்கிறது. இதன் எதிர்நாயகனுக்குக் காரணங்கள் மிகுதி. அக்காரணங்களைக் குரு சோமசுந்தரத்தின் உடல் எவ்வாறு தாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரில் தையற்காரன் ஜெய்சனையும் (டொவினோ தாமஸ்) தேநீர்க்கடைப் பணியாளன் ஷிபுவையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே ஆற்றல். ஒருவனுக்கு வளர்த்த குடும்பம் உண்டு. மற்றவனோ ஊரால் விலக்கப்பட்டவன். வேற்றுமை இவ்வளவே. திரைக்கதையின் சிறந்த முடிவு இது என்பேன்.

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் இளிவரல், உவகை, வெகுளி ஆகிய மூன்றின் வழியே ஷிபுவைப் படிக்கலாம். முதற்பகுதியில் அவன் தோள்கள் குறுகியிருக்கின்றன. பார்வை எதிரிலிருப்பவரின் முகத்தை எட்டுவதில்லை. இழிவுக்குப் பழகிப்போன உடல் அது. உஷாவின் குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படும்போது வங்கியைக் கொள்ளையிடுகிறான், கொலையும் செய்கிறான். ஆயினும் பார்வையாளர் அவனை விட்டு விலகுவதில்லை. நெடுங்காலமாக மனத்தில் வைத்திருந்த உஷா (ஷெல்லி கிஷோர்) அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியே அதற்குச் சான்று. அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. இந்த உவகையை நம்பிக்கொள்ள ஷிபுவுக்கே தெரியவில்லை. ‘ஆரண்ய காண்டம்’ (2011), ‘ஜோக்கர்’ (2016) ஆகிய படங்களில் அவரைக் கண்டவர்களுக்கும், கூத்துப்பட்டறைப் பயிற்சியை அறிந்தவர்களுக்கும் இது வியப்பன்று. வியப்பு, இத்தகைய நடிப்புக்கு ஒரு சாகசப் படம் இடமளித்ததில்தான் உள்ளது.

உறுப்பறுத்தல், குடியைச் சிதைத்தல், அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கினின்று வெகுளி பிறக்கும் என்பது தொல்காப்பியக் கொள்கை. ஊரார் ஷிபுவின் வீட்டுக்குத் தீ வைக்க, உஷா மடிகிறாள். குடியும் உயிரும் ஒருசேரப் பறிபோன பின் எழும் அவன் சினம் இலக்கணப்படி முறையானது. ஆகவே அவன் ஊரை எரிக்கப் புறப்படும்போது நாம் அஞ்சுகிறோம். ஆனால் வெறுக்க இயலவில்லை.

குறைகளும் உண்டு. உஷாவுக்குத் தனக்கென ஓர் அகவுலகம் அளிக்கப்படவில்லை. ஷிபுவை வில்லனாக்குவதற்கே அவள் சாகடிக்கப்படுகிறாள். இறுதி மோதல் வழக்கமான சண்டையே. அதைக் குறித்துச் சொல்ல அதிகமில்லை.

கடமலைக்குண்டில், மூல வைகைக் கரையில் இருந்துகொண்டு இப்படத்தைப் பார்ப்பவருக்கு இன்னொன்றும் புலப்படும். மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. அதற்கப்பால் மலையேறினால் இடுக்கி. கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் நாள்தோறும் செல்கின்றன. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பதற்றத்தின்போது அத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சித் திரும்பினர். படம் வந்தது சரியாகப் பத்தாண்டுகள் கழித்து. மதுரையைச் சேர்ந்த நடிகர் ஒருவர், தமிழ்ச்சாயல் படிந்த மலையாளத்தில், கேரளச் சிற்றூர் ஒன்றில் சந்தேகத்துக்குரியவனாக நிற்கும்போது, கூட்டம் தீப்பந்தத்துடன் வரும் காட்சியை இவ்வூரார் வெறும் கற்பனையாகக் கொள்ளமாட்டார்கள். இயக்குநர் இதனைக் கருதினாரா என்பது வேறு வினா. நடிப்பு அதனைத் தாங்குகிறது.

இறுதியில் நாயகன் ஊரைக் காக்கிறான். ஊர் அவனைக் கொண்டாடுகிறது. தீ வைத்தவர்களும் அக்கூட்டத்திலேயே நிற்கிறார்கள். அவர்களிடம் படம் ஒன்றும் கேட்பதில்லை.